படம் மட்டும் போதாது, அளவும் வேண்டும்: பழைய ரேடார் குன்றுகளில் ட்ரோன் பறக்கவிடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் வாழ்ந்துகொண்டு, வார இறுதியில் ட்ரோனைப் பையில் போட்டுக்கொண்டு போர்க்கால இடிபாடுகளைத் தேடிப் போகும் தமிழ் நண்பர்களுக்கு இந்த மடலை எழுதுகிறோம். எங்கள் மனத்தில் இருக்கும் இடம் இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவின் தென்கரை. வென்ட்னர் ஊருக்குப் பின்னால் செங்குத்தாக எழும் செயின்ட் போனிஃபேஸ் குன்று, 241 மீட்டர் உயரத்துடன் அந்தத் தீவிலேயே உயரமானது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கரையோரத்தைக் காத்த ‘செயின் ஹோம்’ ரேடார் வரிசையில் ஒரு நிலையம் அதன் உச்சியில் இருந்தது. இங்கே சொல்வதில் பெரும்பகுதி இதைப் போன்ற மற்றக் குன்றுகளுக்கும் பொருந்தும்.

உங்கள் காணொளிகளை விரும்பிப் பார்க்கிறோம். கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி, வெள்ளைச் சுண்ணாம்புப் பாதைகள், புல்லுக்குள் பாதி புதைந்த கான்கிரீட் எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. ஆனால் நான்கு நிமிடக் காணொளி முடிந்த பிறகு, அதில் தெரிந்த இரண்டு கான்கிரீட் கட்டைகளுக்கு இடையே எத்தனை மீட்டர் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. அந்தத் தொலைவு தெரிந்தால்தான் அங்கே நின்றது எந்தக் கோபுரம், அது ரேடார் அலையை அனுப்பும் கோபுரமா, திரும்பிவரும் எதிரொலியை வாங்கும் கோபுரமா, எந்த ஆண்டுக் கட்டுமானம் என்றெல்லாம் பேசவே முடியும். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். காணொளி எடுக்கப் போகும் அதே நாளில், கூடுதலாக இரண்டு பேட்டரி செலவழித்து, அளக்கத்தக்க படங்களையும் எடுத்து வாருங்கள்.

இதில் அவசரமும் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, மேற்பரப்பைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கடற்காற்றின் உப்பு அதை விரைவாக்குகிறது. கோர்ஸ் முட்புதரின் வேர் விரிசலில் இறங்குகிறது. முயல்கள் மண்மேடுகளைக் குடைகின்றன. மலையுச்சி என்பதால் புதிய தகவல்தொடர்புக் கம்பங்களுக்கும் கேபிள்களுக்கும் அதே இடத்தைத்தான் எல்லோரும் நாடுகிறார்கள். ஒவ்வொரு குழி தோண்டலிலும் பழையது கொஞ்சம் போகிறது.

போவதற்கு முன்பு, அங்கே என்ன இருந்தது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. செயின் ஹோம் இன்றைய ரேடாரைப் போலச் சுழலும் கிண்ணம் கொண்டதல்ல. 20 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்ணில், அதாவது பத்து மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள அலைகளில் இயங்கியது. அவ்வளவு நீள அலைக்கு ஆன்டெனாவும் பெரிதாக வேண்டும். தென்கிழக்குக் கரை நிலையங்களின் வழக்கமான வடிவில், அனுப்பும் பக்கத்தில் 360 அடி, அதாவது 110 மீட்டர் உயரமுள்ள எஃகுக் கோபுரங்கள் நான்கு, சுமார் 180 அடி இடைவெளியில் ஒரே வரிசையில் நின்றன. பிற்பாடு பல இடங்களில் மூன்றே போதுமென்று ஆயிற்று. ஆன்டெனாக் கம்பிகள் இந்தக் கோபுரங்களுக்கு நடுவே திரைபோலத் தொங்கின. வாங்கும் பக்கம் சில நூறு மீட்டர் தள்ளி, 240 அடி உயர மரக் கோபுரங்கள். மரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: வரும் மெல்லிய எதிரொலியை எஃகு குலைத்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கட்டடங்கள். குண்டு அதிர்ச்சியைத் தாங்க அவற்றைச் சுற்றி மண்ணணை. இவை தவிர மின்னாக்கி அறை, காவல் அறைகள், விமான எதிர்ப்புப் பீரங்கி மேடைகள், மேலே இருப்பவை அழிந்தால் பயன்படுத்தப் பூமிக்கடியில் மாற்று அறைகள்.

வென்ட்னருக்கு ஒரு மாற்று ஏற்பாடு விரைவிலேயே தேவைப்பட்டது. 1940 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மன் விமானங்கள் டோவர், ரை, பெவென்ஸி நிலையங்களையும் தாக்கின. அவை சில மணி நேரத்தில் மீண்டும் இயங்கின. வென்ட்னரை யூ-88 குண்டுவீச்சு விமானங்கள் தாக்கின. கட்டடங்கள் எரிந்தன, குன்றின் மேல் தீயணைக்கத் தண்ணீர் போதவில்லை. 16ஆம் தேதி, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் ஸ்டூகா விமானங்கள் வந்து திரும்பவும் தாக்கின. அருகில் பெம்பிரிட்ஜில் நடமாடும் கருவி ஒன்றை நிறுத்தி 23ஆம் தேதி வாக்கில்தான் அந்த இடைவெளியை அடைத்தார்கள். இதற்கிடையே வேறொரு ஒலிபரப்பியிலிருந்து வெறும் அலைகளை அனுப்பி, நிலையம் இன்னும் இயங்குவதாக எதிரியை நம்பவைத்தார்கள். கோபுரங்கள் சாயாமல் நின்றதற்குக் காரணம் அவற்றின் பின்னல் அமைப்பு. வெடிப்பின் காற்றழுத்தம் சட்டங்களுக்கு ஊடே புகுந்து போய்விடும். ஆகவே அடிபட்ட தடத்தைத் தேடுவோர் கோபுர அடித்தளத்தைவிடக் கட்டடங்களைச் சுற்றியுள்ள தரையைத்தான் கவனிக்க வேண்டும்.

காணொளிகளில் அடிக்கடி காணும் பெரிய பிழை காலத்தைப் பற்றியது. போருக்குப் பிறகு, 1950களில், ‘ரோட்டர்’ என்ற திட்டத்தில் பிரிட்டன் தன் ரேடார் வலையைப் புதுப்பித்தது. வென்ட்னரில் ஆர்1 வகை நிலத்தடிக் காப்பறை கட்டப்பட்டது அப்போதுதான். குன்றின் மேல் பார்ப்பதற்குச் சாதாரண ஓட்டு வீடு போன்ற காவல் கட்டடத்தின் வழியாக உள்ளே இறங்குவது அந்த வகையின் அடையாளம். அதைக் காட்டி “1940இல் இங்கிருந்துதான் ஜெர்மன் விமானங்களைப் பார்த்தார்கள்” என்று சொல்வது தவறு. 1940இல் பார்த்தவர்கள் தரைமேல் இருந்த அறைகளில் இருந்தார்கள். ஒரே குன்றில் இரண்டு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய உதவுவது அளவுதான். எந்த மேடு எந்தப் பாதையை வெட்டுகிறது, எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்பதை மேலிருந்து எடுத்த திருத்தப் படம் (சாய்வும் கோணலும் நீக்கி வரைபடம்போல ஆக்கியது) ஒன்றே காட்டிவிடும்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை நிறைய. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை ஒரு மீட்டர் நுணுக்கமுள்ள லைடார் உயரத் தரவை (விமானத்திலிருந்து லேசரால் அளந்தது) இலவசமாகத் தருகிறது. அதை இறக்கிக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, ஒளியைப் பல திசைகளிலிருந்து சாய்த்துப் பாருங்கள். புதருக்கு அடியில் இருக்கும் மண்ணணைகள் அதிலேயே தெரிந்துவிடும். கேமரா புதருக்குள் பார்க்காது. லேசர் ஓரளவு பார்க்கும். அப்புறம் 1940களில் விமானப்படை எடுத்த செங்குத்துப் படங்களை வரலாற்று ஆவணக் காப்பகத்தில் தேடிப் பாருங்கள். இந்த இரண்டையும் மேலடுக்கிப் பார்த்து, “இந்த நான்கு கட்டைகள் அனுப்பும் கோபுரத்தின் கால்களா?” என்பது போலக் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி கையில் இருந்தால் பறக்க வேண்டிய பரப்பு தானாகச் சுருங்கும்.

அனுமதியைப் பற்றிச் சுருக்கமாக. வான்வெளிக்கான விதி சிவில் விமான ஆணையத்துடையது. ஏறி இறங்கும் தரைக்கான விதி நில உடைமையாளருடையது. இரண்டும் வேண்டும். 2026 ஜனவரி முதல் 100 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கே பறப்போர் அடையாள எண் (ஃப்ளையர் ஐடி) தேவை. கேமரா இருந்தால் இயக்குநர் எண்ணும் (ஆபரேட்டர் ஐடி) தேவை. 249 கிராம் கருவி வைத்திருப்பவர்கள் தங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று இனி நினைக்கக்கூடாது. செயின்ட் போனிஃபேஸ் குன்றின் பெரும்பகுதி, பாரம்பரிய இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் வசம் உள்ளது. அந்த அமைப்பு தன் நிலத்திலிருந்து முன் அனுமதியில்லாமல் ட்ரோன் ஏற்ற விடுவதில்லை. வேலிக்கு வெளியே பொதுச்சாலையில் நின்று ஏற்றிவிடலாம் என்ற குறுக்குவழியைக் கைவிடுங்கள். “படம் எடுக்கணும்” என்று கேட்டால் மறுப்பார்கள். பரப்பு, உயரம், நாள், மாற்று நாள், காப்பீடு, பறவைகளுக்கான ஏற்பாடு, கிடைக்கும் தரவை யாருக்குத் தருவீர்கள் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் பேச்சின் போக்கே வேறாக இருக்கும். இடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் தரையில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. உலோகம் கண்டறியும் கருவியை அனுமதியில்லாமல் அங்கே பயன்படுத்துவதே குற்றம்.

இலங்கையில் இருந்து படிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வருவதை முன்கூட்டிப் பார்த்த பிரிட்டிஷ் ரேடார் திருகோணமலையிலும் இருந்தது. அங்கே போக நினைப்பவர்கள் மேலே சொன்ன சட்ட விவரங்களை நம்பிப் போகாதீர்கள். இலங்கையின் விதிகள் வேறு. துறைமுகப் பகுதியின் நிலைமையும் வேறு.

பருவத்துக்கு வருவோம். தரையின் மேடுபள்ளம் அளக்க ஏற்றது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பெரணி படுத்துவிடும், புல் குட்டையாக இருக்கும், மார்ச்சில் தொடங்கும் கூடுகட்டும் காலத்துக்கும் முன்னால் முடித்துவிடலாம். வானம்பாடி தரையிலேயே கூடு கட்டும் பறவை. பாறை முகங்களில் பொரி வல்லூறு இருந்தால் ட்ரோனைத் தாக்கவும் வரும், கூட்டைக் கைவிடவும் செய்யும். வென்ட்னரின் அகலாங்கில் டிசம்பர் 21 உச்சிவேளையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 16 பாகைதான் எழும். நாள் முழுக்கச் சாய்ந்த வெயில். ஒரு சாண் ஆழப் பள்ளமும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். ஆனால் அதே நீண்ட நிழல் முப்பரிமாணக் கணக்கீட்டைக் கெடுக்கும். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே நிழல் நகர்ந்துவிடுவதால் மென்பொருள் தடுமாறும். ஆகவே அளவுக்கு மேகமூட்டமான நாள், பார்வைக்கு வெயில் நாள் என்று இரண்டு பறப்புகளைத் தனித்தனியே வையுங்கள்.

கோடையில் ஒரு பறப்பு மட்டும் பயன் தரும், அதுவும் நீண்ட வறட்சிக்குப் பிறகு. புதைந்த கான்கிரீட்டின் மேல் மண் ஆழம் குறைவு. அங்குள்ள புல் முதலில் மஞ்சளாகும். மண் நிரப்பிய பள்ளத்தின் மேல் கடைசிவரை பச்சையாக இருக்கும். 2018, 2022 கோடைகளில் பிரிட்டன் முழுவதும் இப்படிப் புதைந்த சுவர்களின் வரிகள் தரையில் தோன்றின. சுண்ணாம்புப் புல்வெளியில் மண் மெல்லியதாக இருப்பதால் இது சீக்கிரம் தெரியும். ஒரு நல்ல மழை பெய்தால் மறைந்தும் போகும்.

இனிக் களம். பறக்கத் தொடங்கும் இடத்தைத் தேர்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குன்றின் மேல் சமதளமாகத் தெரிவது கோபுரத்தின் கான்கிரீட் கட்டை என்பதால், கை தானாக ட்ரோனை அதன்மேல் வைக்கும். வைக்காதீர்கள். உள்ளே கட்டுக்கம்பியும் தடித்த நங்கூர போல்ட்டுகளும் இருக்கின்றன. ட்ரோனின் திசைகாட்டி அங்கே தவறான வடக்கைக் கற்றுக்கொள்ளும். ஏறியதும் நிலையாக நிற்காமல் பெரிதாகிக்கொண்டே போகும் வட்டத்தில் சுழலத் தொடங்கும். பைலட் பதறிக் குச்சியைத் தள்ள, கம்பத்தில் போய் மோதும். கட்டையிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளிப் புல்லின் மேல் ஒரு பலகையோ மடிப்பு மேடையோ விரித்து அங்கிருந்து ஏற்றுங்கள். காரின் பானட்டும் வேண்டாம், வேலியோரமும் வேண்டாம்.

அடுத்தது இன்றைய கம்பங்கள். உச்சியில் வேலிக்குள் இயங்கும் தகவல்தொடர்புக் கம்பங்கள் உள்ளன. அவற்றின் வலுவான அலை உங்கள் கட்டுப்பாட்டு இணைப்பை அமுக்கிவிடக்கூடும். திரை உறைந்து போகும், பிறகு ட்ரோன் தானாகத் திரும்பும் நிலைக்குப் போகும். இழுத்துக் கட்டிய எஃகுக் கயிறுகளைத் தடை உணரிகள் பார்ப்பதில்லை. விரல் பருமனுள்ள கயிறு சாம்பல் வானத்துக்கு எதிரே கண்ணுக்கே தெரியாது. கிடையாக 50 மீட்டர் விலகியிருங்கள். திரும்பும் உயரத்தை அருகிலுள்ள மிக உயர்ந்த கம்பத்தைவிட 15 மீட்டர் கூடுதலாக வையுங்கள், ஆனால் 120 மீட்டர் வரம்புக்குள். இணைப்பு அறுந்தால் திரும்பி வருவதா, நின்ற இடத்தில் நிற்பதா என்ற அமைப்பையும் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள்.

காற்றுதான் குன்றின் உண்மையான எஜமான். தெற்கிலிருந்து வீசும் காற்று சரிவில் மோதி மேலேறும்போது உச்சியில் வேகம் கூடும். முகட்டைத் தாண்டியதும் பின்பக்கம் அது கீழ்நோக்கிப் புரளும். முன்சரிவில் தூக்கப்படும் ட்ரோன் பின்சரிவில் சட்டென்று இறங்கும். தலை உயரத்தில் கைக்கருவியால் அளக்கும்போது வீச்சு நொடிக்கு 7 மீட்டரைத் தாண்டினால், 40 மீட்டர் உயரத்தில் அது சிறிய ட்ரோனின் 10.7 மீட்டர் வரம்பைத் தொட்டுவிடும். அன்று பறக்க வேண்டாம். வரிசைகளைக் காற்றை எதிர்த்த முனையிலிருந்து தொடங்குங்கள். பேட்டரி இறங்கும் நேரத்தில் வீடு திரும்புவது காற்றோடு இருக்கும். குளிரில் பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்குங்கள். ஏற்றியவுடன் ஒரு நிமிடம் தாழ்வாக நிறுத்தி வைத்து, 30 சதவீதத்தில் இறக்குங்கள். கடல்மூடுபனி சில நிமிடங்களில் ஏறிவிடும். கரையோரம் மங்கத் தொடங்கினாலே இறக்கும் நேரம். தென்சரிவுகளில் பாராகிளைடர்கள் எழுவதுண்டு; ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் முதலில் கீழே கொண்டு வாருங்கள், பிறகு எங்கே என்று தேடலாம்.

உயரத்தில் ஒரு பொறி இருக்கிறது. திரையில் தெரியும் உயரம் நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. உச்சியில் நின்று 40 மீட்டர் என்று வைத்துத் தென்சரிவுக்குப் போனால், தரை 40 மீட்டர் இறங்கிய இடத்தில் உண்மையான உயரம் 80 மீட்டர். பிக்சல் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். இன்னும் தள்ளிப்போனால் சட்ட வரம்பான 120 மீட்டரையும் மீறுவீர்கள், ஏனென்றால் அந்த வரம்பு அருகிலுள்ள தரையிலிருந்து அளக்கப்படுவது. கீழே நின்று ஏற்றினால் நேர்மாறு: ட்ரோன் குன்றில் போய் மோதும். தரையைத் தொடர்ந்து பறக்கும் வசதி இல்லாத கருவியென்றால், சரிவை 15 மீட்டர் உயரப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் தனி வரிசை போடுங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். உதாரணத்துக்கு மினி 4 ப்ரோ போன்ற 249 கிராம் கருவி, 24 மி.மீ. சமமான லென்ஸ், 12 மெகாபிக்சல். 40 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 1.4 செ.மீ. ஒரு படம் ஏறக்குறைய 57 மீட்டர் அகலமும் 43 மீட்டர் நீளமும் மூடும். பறக்கும் திசையில் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டுமென்றால் 8.6 மீட்டருக்கு ஒரு படம். பக்கவாட்டில் 70 சதவீதத்துக்கு வரிசைகளுக்கு நடுவே 17 மீட்டர். இரண்டு நொடிக்கு ஒரு படம் என்றால் வேகம் நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல்; 4 என்றே வையுங்கள். 400 மீட்டருக்கு 250 மீட்டர் பரப்பு, அதாவது 10 ஹெக்டேர், 15 வரிசையில் முடியும். சுமார் 700 படம், திருப்பங்களையும் சேர்த்து அரைமணிக்கு அருகில். காற்றில் ஒரு பேட்டரி அவ்வளவு தாங்காது. இரண்டில் முடியும், கையில் நான்கு இருக்கட்டும்.

ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிட விரைவாகவோ. அப்போது நகர்வால் வரும் மங்கல் 4 மி.மீ. மட்டும்தான், பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்தச் சிறிய கருவிகளின் உணரி படத்தை வரிவரியாகப் படிக்கும். அது முடிவதற்குள் ட்ரோன் சில சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவதால் படம் சற்றே இழுபடும். மென்பொருளில் அதற்கான திருத்தத்தை இயக்குங்கள். முக்கியமான கட்டடங்களின் மேல் நின்று நின்று எடுங்கள். மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள மேவிக் 3 என்டர்பிரைஸ் கிடைத்தால் இந்தக் கவலை இல்லை. அதே 40 மீட்டரில் பிக்சலும் 1.1 செ.மீ. ஆகும். வெளிப்பாட்டை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, தானியங்கியில் விடாதீர்கள். வெள்ளைச் சுண்ணாம்புப் பாதை வரும்போது புல் கறுத்துப் போகும், புல் வரும்போது பாதை வெளுத்துப் போகும். ஐஎஸ்ஓ, வெண்மைச் சமநிலை, குவியம் மூன்றையும் பூட்டி, அரைப்படிக்கு மேல் குறைத்து எடுங்கள். 48 மெகாபிக்சல் முறை வேண்டாம். கோப்பு பெருக்கும், படமெடுக்கும் இடைவெளியை நீட்டிவிடும், அந்த அளவுக்கு விவரம் தராது.

எல்லாப் படத்தையும் நேர் கீழ்நோக்கி எடுத்தால் இன்னொரு வில்லங்கம் வரும். லென்ஸ் வளைவை மென்பொருள் தப்பாகக் கணித்து, தட்டையான தரையை நடுவில் உப்பிய அப்பளம் போல ஆக்கிவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. மேட்டின் உயரத்தை அளக்கும்போது தவறான எண் வரும். இதற்கு மருந்து சாய்வுப் படங்கள். கேமராவைச் செங்குத்திலிருந்து 25, 30 பாகை சாய்த்து, முதல் வரிசைகளுக்குக் குறுக்காகச் சில வரிசைகள் எடுங்கள். நிற்கும் சுவர்களைச் சுற்றி 45 பாகையில் இரண்டு உயரங்களில் வட்டம் போடுங்கள்.

படத்தை நிலத்தோடு பொருத்த, இடம் அளந்து வைக்கும் குறிகளான தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எட்டு முதல் பத்து வரை வேண்டும். கறுப்பு வெள்ளைச் சதுரம் அச்சடித்த அரை மீட்டர் தகடுகள், நான்கு மூலையிலும் சரிவின் அடியிலும் உச்சியிலும் பரவலாக. ஆணிக்குப் பதில் மணல்பை வைத்து அமுக்குங்கள். ஆர்டிகே எனப்படும் சென்டிமீட்டர் துல்லிய ஜிபிஎஸ் கருவியால் ஒவ்வொன்றையும் அளந்து, அவற்றில் மூன்றைக் கணக்கீட்டில் சேர்க்காமல் சரிபார்க்க ஒதுக்கி வையுங்கள். அந்த மூன்றில் கிடைப் பிழை 3 செ.மீ., உயரப் பிழை 5 செ.மீ.க்குள் வந்தால் வேலை நன்று. ஆர்டிகே வாடகைக்குக் கட்டுப்படியாகாது என்பவர்கள் மனம் தளர வேண்டாம். தெளிவான கான்கிரீட் மூலைகளுக்கு இடையே 30 மீட்டர் எஃகு டேப்பால் மூன்று நான்கு தொலைவுகளை வெவ்வேறு திசையில் அளந்து எழுதி வாருங்கள். ட்ரோனின் சொந்த ஜிபிஎஸ் இருப்பிடத்தில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருந்தாலும், டேப் அளவு வடிவத்தின் அளவுகோலைச் சரியாக்கிவிடும். உயரத்துக்கு லைடார் தரவோடு பொருத்துங்கள். செயற்கைக்கோள் சொல்லும் உயரமும் பிரிட்டிஷ் வரைபடத்தின் கடல்மட்ட உயரமும் 40 மீட்டருக்கு மேல் வேறுபடும். இரண்டையும் கலந்தால் குன்று வானத்தில் மிதக்கும்.

கட்டடங்களுக்குள்ளும் காப்பறைக்குள்ளும் ட்ரோனை விடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். உள்ளே ஜிபிஎஸ் இல்லை, விசிறி கிளப்பும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்று கெட்டிருக்கலாம். பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களும் அவற்றின் தங்குமிடங்களும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. புல்லுக்குள் மறைந்த மாற்று அறைகளின் காற்றுப்போக்கிகளும் அவசர வாய்களும் இருக்கக்கூடும் என்பதால், திரையைப் பார்த்துக்கொண்டே நடப்பவருக்குத் துணையாகத் தரையைப் பார்க்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். துருப்பிடித்த உருளை எதையாவது கண்டால் தொடாமல் விலகி, காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

படங்களை இணைக்க ஓப்பன் ட்ரோன் மேப் இலவசம். மெட்டாஷேப் கட்டண மென்பொருள். 700 படத்துக்கு 32 ஜிபி ரேம் திணறும். பரப்பைப் பிரித்து ஓட்டிப் பிறகு சேருங்கள். வெளிவரும் உயர மாதிரியை, அதாவது ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் சொல்லும் படத்தை, ஒரே திசை ஒளியில் மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அந்தத் திசைக்கு இணையாக ஓடும் வரப்பு கண்ணில் படாமல் போகும். எட்டுத் திசை ஒளியையும், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வானம் எவ்வளவு தெரிகிறது என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த இடிபாடுகளை வாசிப்பதுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் பிடித்த பகுதி. சதுரமாக நான்கு பெரிய கட்டைகள் ஒரு கோபுரத்தின் கால்கள். அப்படிப்பட்ட சதுரங்கள் நேர்கோட்டில் ஏறக்குறைய 55 மீட்டருக்கு ஒன்றாக வந்தால் அனுப்பும் பக்கம். கட்டைகள் சிறுத்து, கோபுரங்கள் ஒரே கோட்டில் இல்லாமல் பரவி நின்றால் வாங்கும் பக்கமாக இருக்கலாம். வட்டக் குழி எல்லாம் குண்டுக் குழியல்ல; சுண்ணாம்பு வெட்டிய பழைய குழிகள் இந்தக் குன்றுகளில் ஏராளம், அவற்றுக்கு ஒரு பக்கம் வண்டி ஏறும் வழி இருக்கும். வெண்கலக் காலப் புதைமேடுகள் நடுவில் தோண்டப்பட்டிருந்தால் குழிபோலவே தெரியும், ஆனால் சுற்றி ஒரு வரப்பு வளையம் நிற்கும். குண்டுக் குழி கிண்ணம் போல, வாய் வட்டமாக, விளிம்பு மழுங்கி இருக்கும்; 1940களின் வான்படத்தில் அதே இடத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால்தான் உறுதி. வரைபடத்தில் உறுதியானதற்கு முழுக்கோடு, ஊகத்துக்கு விட்டுவிட்டுப் போட்ட கோடு என்று வேறுபடுத்திப் போடுங்கள். இந்த நேர்மையை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கோபுரங்களைச் சுற்றி அளவுக்காகப் பறப்பது புதிய பழக்கமும் அல்ல. செயின் ஹோம் நிலையம் சொல்லும் திசை எவ்வளவு பிழை என்று அறிய, போர்க்காலத்தில் ஆட்டோகைரோ எனப்படும் மெதுவான சுழலிறகு விமானங்களை அனுப்பினார்கள். தெரிந்த ஓரிடத்துக்கு மேல் அது வட்டமிடும். கீழே திரையில் தெரியும் திசையை உண்மைத் திசையோடு ஒப்பிட்டுத் திருத்தக் குறிப்பு எழுதுவார்கள். சுற்றியுள்ள நிலம் எதிரொலியை வளைத்ததால் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்திருத்தம் தேவைப்பட்டது. உயரத்தைக் கணிப்பது இன்னும் சிக்கலானது. முன்னால் உள்ள தரையில் பட்டு வரும் அலையையும் சேர்த்தே அந்தக் கணக்கு நடந்ததால், முன்னே சமநிலம் இருந்த நிலையங்களுக்கு அது எளிது, செங்குத்துச் சரிவின் மேல் நின்றவற்றுக்குக் கடினம். உங்கள் உயர மாதிரி சரியாக அமைந்தால், அந்தச் சரிவின் வடிவத்தை எடுத்து இதையே கணினியில் சோதித்துப் பார்க்கலாம். காணொளியால் ஒருபோதும் தர முடியாத பயன் அது.

வேலை முடிந்ததும் மூலப் படங்களை அவற்றின் இருப்பிடத் தகவல் அழியாமல், கட்டுப்பாட்டுப் புள்ளிப் பட்டியல், பிழை அறிக்கை, திருத்தப் படம், உயர மாதிரி ஆகியவற்றோடு ஒரே அடைவில் வையுங்கள். நில உடைமையாளருக்கு ஒரு பிரதி, தீவின் வரலாற்றுச் சூழல் பதிவகத்துக்கு ஒரு பிரதி. சமூக வலைத்தளத்தில் ஏற்றும்போது படத்திலிருந்து இருப்பிடம் நீங்கிவிடும் என்பதால் அதைச் சேமிப்பு என்று நினைக்க வேண்டாம். வேலியில் இருக்கும் ஓட்டைகளையும் காப்பறைக்குள் போகும் வழியையும் பொதுவில் காட்டாதீர்கள். வென்ட்னர் வீடுகளின் பின்கட்டு தெரியும் படங்களை வெட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே எடுத்த காணொளிகள் உங்களிடம் இருக்கும். அவற்றை அழிக்காதீர்கள். கூடவே ட்ரோன் காணொளியோடு சேமிக்கும் எஸ்ஆர்டி என்ற உரைக்கோப்பு இருந்தால் அதில் நொடிக்கு நொடி ட்ரோன் நின்ற இடம் பதிவாகியிருக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் காணொளி மென்பொருளைக் கொண்டு நொடிக்கு ஒரு சட்டகம் பிரித்தெடுத்து, மங்கலானவற்றை நீக்கி, எஸ்ஆர்டியில் உள்ள இருப்பிடத்தைப் படங்களில் எழுதி, மேலே சொன்ன மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். துல்லியம் குறைவுதான். இருந்தாலும் ஐந்து ஆண்டுக்கு முன் நின்ற ஒரு சுவர் இன்று இல்லையென்றால், அதற்கு மிஞ்சிய ஒரே அளவு அதுவாகவே இருக்கும். எடுத்த நாளையும் கருவியின் பெயரையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
நில அளவையிலும் ட்ரோன் வரைபடப் பணியிலும் இருக்கும் சிலர்